மேட்டின் உச்சி பவர் அல்ல

ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அலைவரிசையில் எவ்வளவு பவர் என்று திரையில் வரைந்து காட்டும் கருவி) முன்னால் முதன்முதலாக உட்காரும் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்வார்கள். திரையில் ஒரு மேடு எழும்பும். பீக் சர்ச் பட்டனை அழுத்தினால் மார்க்கர் மேட்டின் உச்சியில் போய் நிற்கும். பக்கத்தில் தெரியும் எண்ணோடு, சிக்னலைக் குறைக்க மாட்டிய அட்டென்யுவேட்டரின் அளவையும் கேபிள் இழப்பையும் கூட்டி, "இதுதான் அவுட்புட் பவர்" என்று எழுதிவிடுவார்கள். தகவல் ஏற்றாத, அதாவது பண்பேற்றம் இல்லாத வெறும் கேரியர் என்றால் இதில் ஒரு குறையும் இல்லை. வைஃபை, எல்டிஇ, டிஜிட்டல் டிவி என்று பரந்து கிடக்கும் சிக்னலுக்கும் இதையே செய்தால், கிடைக்கும் எண் டிரான்ஸ்மிட்டரைப் பற்றிச் சொல்வதைவிட அனலைசரை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

லேபில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு 20 மெகாஹெர்ட்ஸ் வைஃபை மாட்யூல் ஒன்றை அளக்கக் கொடுத்திருந்தோம். டேட்டாஷீட்டில் 18 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்து டெசிபலில் சொல்லும் அளவு) என்று போட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வந்து நின்றார்.

"சார், மாட்யூல் போயிடுச்சு போல. அட்டென்யுவேட்டர், கேபிள் எல்லாம் கூட்டியும் மைனஸ் நாலுதான் வருது."

"ஆர்பிடபிள்யூ எவ்வளவு வெச்சிருக்கீங்க?" (ஆர்பிடபிள்யூ என்பது ரெசொல்யூஷன் பேண்ட்விட்த்: அனலைசர் ஒரு நேரத்தில் எட்டிப் பார்க்கும் அலைவரிசை அகலம்.)

"நூறு கிலோ. எவ்வளவு இருந்தா என்ன சார், பவர் பவர்தானே?"

"ஒரு மெகா ஆக்கிப் பாருங்க."

மேடு அப்படியே 10 டெசிபல் மேலே ஏறியது. 3 மெகாஹெர்ட்ஸ் ஆக்கியதும் இன்னும் கிட்டத்தட்ட 5 ஏறியது. மாட்யூலை யாரும் தொடவே இல்லை. அவர் முகத்தில் வந்த குழப்பம்தான் இந்த விஷயத்தின் நுழைவாயில்.

கணக்கைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். இந்த வகை வைஃபையில் 312.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 52 துணைக் கேரியர்கள். நடுவில் காலியாக விட்ட இடத்தையும் சேர்த்தால் அகலம் சுமார் 16.6 மெகாஹெர்ட்ஸ். 18 டிபிஎம் முழுவதும் இந்த அகலத்தில் பரவிக் கிடக்கிறது. அனலைசரோ ஒரு நேரத்தில் ஆர்பிடபிள்யூ அளவுக்கு மட்டுமே எட்டிப் பார்க்கிறது. 100 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் 166-ல் ஒரு பங்கு, அதாவது 22.2 டெசிபல் குறைவு. மைனஸ் 4 வருகிறது. 1 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் சுமார் 6 டிபிஎம். 3 மெகாஹெர்ட்ஸில் 10.6. மழையில் சொம்பை வைத்தால் சொம்பளவு, அண்டாவை வைத்தால் அண்டாவளவு சேரும். அதைப் பார்த்து மழை கூடிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. வெறும் கேரியரில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், அதன் பவர் முழுதும் ஒரே அலைவரிசையில் குவிந்திருப்பதுதான். எந்த ஆர்பிடபிள்யூ வைத்தாலும் மொத்தமும் உள்ளே வந்துவிடும்.

பட்டை அகல அகலப் பிழையும் பெருகும். 100 மெகாஹெர்ட்ஸ் 5ஜி கேரியரில், 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்றால், 273 ரிசோர்ஸ் பிளாக்குகள் (துணைக் கேரியர்களின் தொகுப்புகள்). ஒவ்வொன்றும் 360 கிலோஹெர்ட்ஸ், மொத்தம் 98.28 மெகாஹெர்ட்ஸ். 1 மெகாஹெர்ட்ஸ் ஆர்பிடபிள்யூவில் மார்க்கரை வைத்தால் கிட்டத்தட்ட 20 டெசிபல் குறைத்துக் காட்டும். வாட் கணக்கில் நூறில் ஒரு பங்கு!

இதனால் மார்க்கர் எண் வீண் என்று ஆகிவிடாது. அது அடர்த்தியைச் சொல்கிறது. அடர்த்திக்கும் விதிமுறைகளில் தனி இடம் உண்டு. ஐரோப்பாவின் இஎன் 300 328 தரநிலையில், அகலப்பட்டைப் பண்பேற்றம் கொண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு மொத்தக் கதிர்வீச்சு 20 டிபிஎம் என்று ஒரு வரம்பு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 10 மில்லிவாட் என்று இன்னொரு வரம்பு. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி இதே பட்டையில் டிஜிட்டல் பண்பேற்றக் கருவிகளுக்கு மொத்தம் 1 வாட் என்றும், எந்த 3 கிலோஹெர்ட்ஸிலும் 8 டிபிஎம்-க்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் பதிலை மற்றொன்றின் கட்டத்தில் எழுதும்போதுதான் வம்பு.

சரி, மொத்தத்தை எப்படி எடுப்பது? ஒரு குறுக்குவழி: மார்க்கர் எண்ணோடு, பட்டையின் அகலத்தை ஆர்பிடபிள்யூவால் வகுத்து வரும் விகிதத்தை டெசிபலாக்கிக் கூட்டுவது. மனக்கணக்குக்கு நல்லது, ரிப்போர்ட்டுக்கு ஆகாது. மேடு உண்மையில் மேசை மாதிரி தட்டையாக இருப்பதில்லை. ஓரங்களில் சரிவு, நடுவில் ஃபில்டரின் நெளிவு, சில சமயம் பெருக்கியே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒழுங்கான வழி, சேனலின் அகலம் முழுவதும் டிரேஸின், அதாவது திரையில் வரையப்படும் கோட்டின் புள்ளிகளை எடுத்துக் கூட்டுவது. அனலைசரில் இருக்கும் சேனல் பவர் பட்டன் இதைத்தான் செய்கிறது.

அந்த பட்டன் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சிலர் டிரேஸை ஃபைலாக எடுத்து எக்செல்லில் தாங்களே கூட்டுகிறார்கள், மாட்டிக்கொள்வதும் அவர்கள்தான். 30 மெகாஹெர்ட்ஸ் ஸ்பான் (திரை காட்டும் மொத்த அகலம்), 1001 புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் புள்ளி 30 கிலோஹெர்ட்ஸ். ஆர்பிடபிள்யூ 100 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு புள்ளியும் தன் இருபுறத்துப் புள்ளிகளின் பவரையும் சேர்த்தே அள்ளியிருக்கிறது. எல்லாவற்றையும் அப்படியே கூட்டினால் ஒரே பவரை மூன்றரை தடவை எண்ணியதாகும், 5.5 டெசிபல் அதிகம் வரும். எனவே முதலில் டெசிபலை மில்லிவாட்டாக மாற்ற வேண்டும். பிறகு சேனலுக்குள் விழும் புள்ளிகளின் சராசரியை எடுத்து, சேனல் அகலத்தால் பெருக்கி, ஆர்பிடபிள்யூ ஃபில்டரின் இரைச்சல் பட்டையகலத்தால் வகுக்க வேண்டும். அந்த இரைச்சல் அகலம் மெனுவில் தெரியும் 3 டெசிபல் அகலம் அல்ல. காஸியன் வடிவ ஃபில்டரில் அது 1.065 மடங்கு, 0.27 டெசிபல் வித்தியாசம். சின்ன எண்தான். ஆனால் வரம்புக்கும் அளவுக்கும் இடையே அரை டெசிபல்தான் மிச்சம் என்ற நிலையில் அதன் அருமை தெரியும்.

டிடெக்டர், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த மதிப்பை எடுத்து வரைவது என்ற தேர்வு, இதைவிடச் சுவாரசியம். பல துணைக் கேரியர்கள் கூடிய ஓஎஃப்டிஎம் சிக்னல் ஏறக்குறைய இரைச்சலைப் போலவே நடந்துகொள்ளும். அதன் உறை (அலையின் உயரம்) கணத்துக்குக் கணம் எகிறும், விழும். இதற்குச் சராசரி எடுக்கும்போது எதைச் சராசரி எடுக்கிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு புள்ளி 0 டிபிஎம், அடுத்தது மைனஸ் 20 டிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். டெசிபல்களைச் சராசரி எடுத்தால் மைனஸ் 10, அதாவது 0.1 மில்லிவாட். பவரையே சராசரி எடுத்தால் 1 மில்லிவாட்டும் 0.01 மில்லிவாட்டும் சேர்ந்து 0.505 மில்லிவாட், அதாவது மைனஸ் 3 டிபிஎம். அதே இரண்டு புள்ளிகள், 7 டெசிபல் வித்தியாசம். லாக் அளவில் டிரேஸ் ஆவரேஜ் போட்டாலும் சரி, டிரேஸை வழவழப்பாக்கும் வீடியோ ஃபில்டரை ஆர்பிடபிள்யூவைவிடக் குறுக்கினாலும் சரி, அனலைசர் டெசிபல்களைத்தான் சராசரி எடுக்கும். இரைச்சல் போன்ற சிக்னலில் அதனால் வரும் குறைவு சரியாக 2.51 டெசிபல். இந்த 2.51 எங்கிருந்து வருகிறது என்று நோண்டிப் பார்த்தால், உள்ளே ஆய்லர் மாறிலி 0.5772 உட்கார்ந்திருக்கிறது; அதை டெசிபலாக்க 4.343-ஆல் பெருக்கினால் 2.51. அளவியல் கையேட்டில் ஆய்லரைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே விவரித்தால் பாதிப் பேர் ஓடிவிடுவீர்கள்.

ஆக, பவரையே சராசரி எடுக்கும் ஆர்எம்எஸ் டிடெக்டர்தான் வேண்டும். சில கருவிகளில் அதற்கு ஆவரேஜ் என்று பெயர். அப்போது அது பவர் சராசரியா, லாக் சராசரியா என்று இன்னொரு மெனுவுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். வீடியோ பேண்ட்விட்த் ஆர்பிடபிள்யூவைப் போலக் குறைந்தது மூன்று மடங்கு. டிரேஸ் இன்னும் துள்ளினால் வீடியோ ஃபில்டரைத் திருகாமல் ஸ்வீப் நேரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அதிக நேரம் கிடைக்கும், டிரேஸ் தானாக அடங்கும்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு கூட்டம் இருக்கிறது: மேக்ஸ் ஹோல்ட் (ஒவ்வொரு புள்ளியிலும் வந்த அதிகபட்சத்தையே பிடித்து வைப்பது) பிரியர்கள். பீக் டிடெக்டர், மேக்ஸ் ஹோல்ட், ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் டிரேஸ் வழவழவென்று அழகாக நிறைந்திருக்கும். இரைச்சல் போன்ற சிக்னலில் உச்சத்துக்கு முடிவே கிடையாது. எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்களோ அவ்வளவு ஏறும். சராசரியைவிட 6.6 டெசிபல் மேலே போவது நூறில் ஒரு பங்கு நேரம், 8.4 மேலே போவது ஆயிரத்தில் ஒரு பங்கு, 9.6 மேலே போவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இப்போது வேடிக்கையைப் பாருங்கள். நம் வைஃபை மாட்யூலை 1 மெகாஹெர்ட்ஸ் ஆர்பிடபிள்யூவில் வைத்து மார்க்கரை நிறுத்தினால் 12 டெசிபல் குறைவு. மேக்ஸ் ஹோல்ட் அதில் 9, 10 டெசிபலைத் திருப்பிக் கொடுத்துவிடும். கடைசியில் 15, 16 டிபிஎம் என்று வரும். டேட்டாஷீட் சொல்வது 18. "கேபிளில் ரெண்டு டிபி போயிருக்கும்" என்று சொல்லி முடித்துவிடலாம். தப்பும் தப்பும் ஒன்றையொன்று மூடிக்கொண்டு, நம்பத்தக்க ஒரு எண்ணாக வந்து நிற்கிறது. பார்த்தவுடன் அபத்தம் என்று தெரியும் மைனஸ் 4 இதைவிட எவ்வளவோ மேல். யாராவது கேள்வி கேட்பார்கள்.

நேரமும் ஒரு பங்காளி. வைஃபை விட்டு விட்டுத்தான் பேசும். பத்தில் மூன்று பங்கு நேரம் மட்டும் பேசினால், முழு நேரச் சராசரி, பேசும்போது உள்ள பவரைவிட 5.2 டெசிபல் குறைவாக இருக்கும். சிப் நிறுவனம் தரும் டெஸ்ட் மென்பொருளில் தொடர்ந்து அனுப்ப வைக்கும் வழி இருந்தால் அதுதான் முதல் தெரிவு. இல்லாவிட்டால் பேச்சு இருக்கும் நேரத்துக்கு மட்டும் கேட் போட்டு அளக்க வேண்டும். பேச்சு விகிதம் நிலையாக இருந்தால் மட்டுமே கணக்குப் போட்டுத் திருத்தலாம். டெஸ்ட் மென்பொருளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எந்த டேட்டா ரேட்டில் அனுப்புகிறது? பல சிப்கள் அதிவேக ரேட்டுகளில் சிக்னல் சிதையாமல் இருக்க பவரைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். அதிகபட்ச பவர் வேண்டுமானால் மெதுவான ரேட்டுகளில் தேடுங்கள்.

அனலைசரின் வாயில் என்ன நுழைகிறது என்பது அடுத்தது. 100 கிலோஹெர்ட்ஸ் ஆர்பிடபிள்யூவில் திரையில் மேடு மைனஸ் 35-ல் சாதுவாகப் படுத்திருக்கும். ஆனால் கருவிக்குள் அலைவரிசையை மாற்றும் மிக்சருக்குள் போவது ஆர்பிடபிள்யூ வழியே வடிகட்டிய துண்டு அல்ல, முழுச் சிக்னல்: நம் எடுத்துக்காட்டில் மைனஸ் 13, அதன் உச்சங்கள் மைனஸ் 3 வரை. டிரேஸைப் பார்த்து "நிறைய இடம் இருக்கே" என்று உள் அட்டென்யுவேட்டரைக் குறைத்தால் மிக்சர் திணறத் தொடங்கும். மேட்டின் இரு தோள்களும் உப்பும். அதைப் பார்த்து டிரான்ஸ்மிட்டரின் பெருக்கிமேல் பழி விழும். சோதித்துப் பார்ப்பது எளிது. உள் அட்டென்யுவேட்டரை 10 டெசிபல் கூட்டுங்கள். எண்ணும் தோளும் அசையாமல் இருந்தால் கருவி நலம். மாறினால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது கருவியை.

திணறுவதாவது பரவாயில்லை, கருகும் ஆபத்தும் இருக்கிறது. பல அனலைசர்களின் உள்ளீட்டு வரம்பு 1 வாட், அதாவது 30 டிபிஎம். 50 வாட் பேஸ் ஸ்டேஷன் 47 டிபிஎம் தருகிறது. 30 டெசிபல் அட்டென்யுவேட்டர் போட்டபின்பும் 17 டிபிஎம் உள்ளே வரும். அந்த அட்டென்யுவேட்டர் 50 வாட் சூட்டைத் தாங்குமா, சூடானபின் அதே 30 டெசிபல்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய வாட்டேஜ் அட்டென்யுவேட்டர்கள் சிலவற்றில் உள்ளே நுழையும் பக்கம் என்று தனியாகக் குறித்திருப்பார்கள். அதைத் திருப்பி மாட்டினால் சூடு தவறான முனையில் இறங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, பவர் மீட்டர் இருக்கிறதே என்று கேட்பவர்கள் பக்கம்தான் நான். நியாயமான கேள்வி. கனெக்டரில் அளக்க முடிகிறது, வேறு சிக்னல் எதுவும் கலக்கவில்லை, பவரும் போதிய அளவு இருக்கிறது என்றால் நல்ல பவர் சென்சாரைவிடச் சிறந்த கருவி கிடையாது. வெப்பத்தை வைத்து அளக்கும் தெர்மல் சென்சாருக்குப் பண்பேற்றம் எதுவானாலும் கவலையில்லை. வந்த பவரெல்லாம் சூடாகிறது, சூட்டை அளக்கிறது. மெதுவாக வேலை செய்யும், சுமார் மைனஸ் 30 டிபிஎம்-க்குக் கீழே தடுமாறும், அவ்வளவுதான் குறை. அலைவரிசை தெரியாது என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்படும். ஆனால் 20 டெசிபல் கீழே இருக்கும் ஒரு ஹார்மோனிக் (அலைவரிசையின் மடங்கில் எழும் உபரிச் சிக்னல்) மொத்தத்தில் சேர்ப்பது வெறும் 0.04 டெசிபல். அனலைசரில் ஒருமுறை சுற்றிப் பார்த்து வேறு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மீட்டரை மாட்டுங்கள்.

டயோடு சென்சாரில் மட்டும் ஜாக்கிரதை. டயோடு சுமார் மைனஸ் 20 டிபிஎம்-க்குக் கீழேதான் உள்ளே வரும் பவருக்கு நேர் விகிதத்தில் மின்னழுத்தம் தரும். அதற்கு மேலே மெல்ல மெல்ல உச்ச மின்னழுத்தத்தைப் பின்தொடரத் தொடங்கும். வெறும் கேரியரை வைத்து அந்த வளைவைத் திருத்தி அளவு குறித்திருப்பார்கள். கேரியருக்கு அந்தத் திருத்தம் சரி. 10 டெசிபல் உச்சங்கள் கொண்ட ஓஎஃப்டிஎம் வந்தால் சராசரி ஒரு பகுதியிலும் உச்சம் இன்னொரு பகுதியிலும் விழும், திருத்தம் பொய்த்துப்போகும். ஒற்றை டயோடு சென்சார் என்றால் உச்சமும் மைனஸ் 20-க்குக் கீழே இருக்கும்படி, சராசரியை மைனஸ் 30-க்கு இறக்கிவிடுவது என் வழக்கம். பல டயோடு பாதைகளை உள்ளே வைத்து தானாக மாறிக்கொள்ளும் சென்சார்களில் இந்தக் கவலை குறைவு. ஹாம் ரேடியோக்காரர்களின் மேசையில் இருக்கும் எஸ்டபிள்யூஆர் (பொருந்தாமல் திரும்பி வரும் அலையின் அளவைக் காட்டும் விகிதம்) மீட்டரும் உள்ளே டயோடுதான். அதில் டிஜிட்டல் டிவி சிக்னலை விட்டு வரும் ஊசியசைவை வாட் என்று நம்ப வேண்டாம். 100 வாட் உச்சம் தாங்கும் பெருக்கியில், உச்சங்கள் நசுங்காமல் 10 டெசிபல் இடம் விட்டால் சராசரி 10 வாட்தான். மீட்டர் 40 காட்டினால் ஒன்று மீட்டர் பொய் சொல்கிறது, அல்லது பக்கத்துச் சேனல்காரர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பொருத்தமின்மை பற்றி ஒரு வார்த்தை. டிரான்ஸ்மிட்டரின் எஸ்டபிள்யூஆர் 1.5, அளவுக் கருவியுடையதும் 1.5 என்றால், இரண்டுக்கும் இடையே முன்னும் பின்னும் மோதும் அலையால் மட்டும் ஏறக்குறைய 0.35 டெசிபல் மேலேயோ கீழேயோ போகலாம். இடையில் 10 டெசிபல் பேட் (சின்ன அட்டென்யுவேட்டர்) ஒன்றைச் செருகுங்கள். திரும்பி வரும் அலை இரண்டு தடவை அடி வாங்கி 20 டெசிபல் இளைத்துவிடும். மலிவான மருந்து.

குறுகிய பல்ஸ்களை மிக அகலமான பட்டையில் அனுப்பும் அல்ட்ரா வைட்பேண்டுக்கு வந்தால் இதுவரை சொன்ன கணக்குகளில் ஒன்று உடைகிறது. 2002-ல் எஃப்சிசி அனுமதித்தபோது வைத்த சராசரி வரம்பு, மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 41.3 டிபிஎம். 500 மெகாஹெர்ட்ஸ் முழுவதும் அந்த வரம்பைத் தொட்டாலும் மொத்தம் மைனஸ் 14.3 டிபிஎம், அதாவது 37 மைக்ரோவாட். அதோடு உச்சத்துக்கும் ஒரு வரம்பு: 50 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 0 டிபிஎம். அவ்வளவு அகல ஆர்பிடபிள்யூ எல்லாக் கருவியிலும் கிடைக்காது. 3 மெகாஹெர்ட்ஸில் அளக்கலாம், ஆனால் வரம்பு மைனஸ் 24.4 டிபிஎம் ஆகிவிடும். 50-ஐ 3-ஆல் வகுத்தால் 16.7, டெசிபலில் 12.2தானே, எப்படி 24.4? குறுகிய பல்ஸின் அலைவரிசைத் துண்டுகள் எல்லாம் ஒரே கணத்தில் கைகோத்து எழுகின்றன. அங்கே கூடுவது பவர் அல்ல, மின்னழுத்தம். அகலம் இரட்டித்தால் உச்ச மின்னழுத்தம் இரட்டிக்கும், உச்சப் பவர் நான்கு மடங்காகும். இரைச்சலுக்கு 10 லாக், பல்ஸின் உச்சத்துக்கு 20 லாக். இரண்டையும் மாற்றிப் போட்டால் 12 டெசிபல் தவறு.

கனெக்டரே இல்லாத கருவிகளில் இந்தத் தொல்லை இன்னொரு திசையில் நீள்கிறது. 5ஜி-யின் மில்லிமீட்டர் அலை ரேடியோக்களில் ஆன்டெனாவும் பெருக்கியும் ஒரே பலகையில். கேபிள் மாட்ட இடமே இல்லை. அறைக்குள் வைத்து, சுற்றிச் சுற்றி எல்லாத் திசையிலும் அளந்து, கோளம் முழுவதற்கும் கூட்டித்தான் மொத்தக் கதிர்வீச்சுப் பவரை எடுக்கிறார்கள். அங்கேயும் முதல் நாளே யாராவது பீமின் உச்சியில் ஹார்ன் ஆன்டெனாவை நிறுத்தி ஒரு எண்ணைப் படித்து, வெளியில் பரவும் பாதை இழப்பைக் கூட்டி, அதையே அவுட்புட் பவர் என்று எழுதியிருப்பார். அது அந்தத் திசையின் ஈஐஆர்பி, அதாவது எல்லாத் திசையிலும் அதே பலத்தில் பரப்பத் தேவைப்படும் பவர். பீம் எவ்வளவு குறுகலோ அந்த அளவுக்கு அது மொத்தத்தைவிடப் பெரிதாகத் தெரியும்; இருநூறுக்கும் மேற்பட்ட ஆன்டெனாத் துண்டுகள் கொண்ட பலகையில் அந்த வித்தியாசம் 25 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம்.